அப்பா அம்மாவை மெல்பர்னுக்கு அனுப்ப எந்த வழி: கொழும்பா, சிங்கப்பூரா, கோலாலம்பூரா, டெல்லியா?

தமிழ்நாட்டின் எந்த விமான நிலையத்திலிருந்தும் ஆஸ்திரேலியாவுக்கு நேரடி விமானம் கிடையாது. நடுவில் எங்காவது இறங்கி மாறித்தான் ஆக வேண்டும். அது எந்த ஊர் என்பதை நாம் பெரும்பாலும் யோசித்து முடிவு செய்வதில்லை. டிக்கெட் விற்கும் தளத்தில் விலை குறைந்தவற்றை மேலே வரவைத்து, முதல் இரண்டு மூன்றில் ஒன்றை எடுத்துவிடுகிறோம். இருபத்தைந்து வயதில் தனியாகப் போகிறவருக்கு அது போதும். அறுபது எழுபது வயதில், பேரக்குழந்தையைப் பார்க்க முதல்முறையாகக் கடல் தாண்டுகிற பெற்றோருக்கு அது போதாது.

அப்படிப்பட்ட பெற்றோருக்கு டிக்கெட் எடுத்துக்கொடுக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான்கு நாடுகளின் பெயரைச் சுமந்து பறக்கும் நான்கு நிறுவனங்களை எடுத்துக்கொள்கிறேன்: கொழும்பு வழியாக ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ், சிங்கப்பூர் வழியாக சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், கோலாலம்பூர் வழியாக மலேசியா ஏர்லைன்ஸ், டெல்லி வழியாக ஏர் இந்தியா. பாங்காக் வழியாக தாய் ஏர்வேஸிலும் போகலாம்தான். ஆனால் நம்மவர்கள் வீட்டில் உட்கார்ந்து பேசும்போது அடிபடுகிற பெயர்கள் பெரும்பாலும் இந்த நான்குதான்.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளில் இந்த நான்கில் எது என்றாலும் உங்கள் பெற்றோரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அதனால் சீட்டையும் சாப்பாட்டையும் ஒப்பிட்டு அதிகம் பயனில்லை. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறிப்போனால், அந்த நிறுவனத்திடம் அன்றைக்கே இன்னொரு விமானம் இருக்கிறதா? அந்த விமான நிலையத்தில் அவர்கள் இருவரும் தனியாகச் சமாளிப்பார்களா? இந்த இரண்டு கேள்விகளுக்கான பதிலைத்தான் ஒப்பிட வேண்டும். முதல் கேள்விக்கான பதில் நிறுவனத்தின் விமான எண்ணிக்கையில் இருக்கிறது, இரண்டாவதற்கான பதில் அதன் மைய விமான நிலையத்தில் இருக்கிறது.

முதலில் தூரம்

உலக உருண்டையில் சென்னைக்கும் மெல்பர்னுக்கும் நடுவே நேர்கோடு இழுத்தால் ஏறக்குறைய 8,800 கிலோமீட்டர். சிங்கப்பூர் வழியாகப் போனால் மொத்தம் சுமார் 8,950. கோலாலம்பூர் வழியாகவும் கிட்டத்தட்ட அதேதான். அதாவது இந்த இரண்டு ஊர்களும் போகிற வழியிலேயே இருக்கின்றன. கொழும்பு வழியாக 9,000 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். டெல்லி வழியாகப் போனால் 12,000 கிலோமீட்டரை நெருங்கிவிடும். தெற்கே போக வேண்டியவர்கள் வடக்கே 1,760 கிலோமீட்டர் போய், அந்தத் தூரத்தையும் சேர்த்துத் திரும்பக் கடந்து வர வேண்டும். வயதானவர்களுக்கு இந்த 3,000 கிலோமீட்டர் என்பது நான்கு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருப்பது.

சென்னையை விட்டுவிட்டு மதுரையிலிருந்து பார்த்தால் படம் இன்னும் மாறும். மதுரையிலிருந்து கொழும்பின் கட்டுநாயக்கா விமான நிலையம் வான்வழியில் சுமார் 350 கிலோமீட்டர்தான். மதுரையிலிருந்து சென்னை அதைவிடத் தூரம். திருச்சியிலிருந்து கொழும்புக்குச் சுமார் 420 கிலோமீட்டர். திருநெல்வேலியிலோ ராமநாதபுரத்திலோ சிவகங்கையிலோ வீடு இருக்கிறவர்கள், சாமான்களைத் தூக்கிக்கொண்டு ராத்திரி முழுக்க ரயிலிலோ பஸ்ஸிலோ சென்னைக்குப் போய், அங்கே ஒரு நாள் யார் வீட்டிலாவது தங்கி, அப்புறம் விமானம் ஏறுவதுதான் பயணத்தின் மிகக் களைப்பான பகுதி. டிக்கெட் தளங்கள் அந்தக் களைப்பைக் கணக்கில் எடுப்பதில்லை.

நான்கும் ஒருவகையில் உறவுக்காரர்கள்

இந்த நான்கு நிறுவனங்களின் வரலாறு ஒன்றோடொன்று பின்னியது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் மலேசியா ஏர்லைன்ஸும் 1972 வரை மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்ற ஒரே நிறுவனம். ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 1979இல் ஏர் லங்கா என்ற பெயரில் தொடங்கியபோது, அதன் முதல் போயிங் 707 விமானங்கள் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடமிருந்து வந்தவை. டாடாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து நடத்திய விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்த பிறகு, ஏர் இந்தியாவில் 25.1 சதவீதப் பங்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸுடையது. ஏர் இந்தியாவின் வேரோ நம் ஊரைத் தொட்டது. ஜே.ஆர்.டி. டாடா 1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிவந்த தபால் விமானத்தின் பாதை, பெல்லாரி வழியாக மெட்ராஸில்தான் முடிந்தது.

பிரிந்த பிறகு ஒவ்வொன்றும் வளர்ந்த விதம்தான் நம் முடிவுக்கு முக்கியம். சிங்கப்பூருக்கு உள்நாட்டு விமானச் சேவை என்று ஒன்றே இல்லை. அந்த நிறுவனத்தில் ஏறும் ஒவ்வொருவரும் வெளிநாட்டுப் பயணி, அவர்களில் பெரும் பகுதி அங்கே இறங்கி வேறு விமானம் மாறுகிறவர்கள். மாறுவது சுலபமாக இல்லாவிட்டால் அந்த நிறுவனத்துக்குப் பிழைப்பே இல்லை. ஏர் இந்தியாவின் நிலை நேர் எதிர். பெரிய உள்நாட்டுச் சந்தை இருந்ததால், வெளிநாட்டுக்கு மாறிப்போகும் பயணியை மையமாக வைத்து அது வலைப்பின்னலைக் கட்டவே இல்லை. தென்னிந்தியர்களை அந்த இடைவெளியில்தான் துபாயும் சிங்கப்பூரும் கொழும்பும் அள்ளிக்கொண்டன. 2022 ஜனவரியில் டாடா குழுமத்திடம் திரும்பிய பிறகுதான் அந்தக் குறையைச் சரிசெய்யும் வேலை தொடங்கியிருக்கிறது.

கொழும்பு

ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, ஏனென்றால் தமிழ்நாட்டை அது பார்க்கிற மாதிரி மற்ற மூன்றும் பார்ப்பதில்லை. சென்னை, திருச்சி, மதுரை என்று மூன்று ஊர்களுக்கு வருகிறது. பக்கத்திலேயே திருவனந்தபுரமும் கொச்சியும் உண்டு. இலங்கை சிறிய நாடு. அங்கிருந்து மட்டும் ஆள் சேர்த்து ஒரு பெரிய விமானத்தைத் தினமும் மெல்பர்னுக்கு நிரப்புவது கஷ்டம். தென்னிந்தியாதான் அந்த விமானத்துக்கு ஆள் தருகிறது. நாம் அவர்களுக்குத் தேவை என்பதால், கொழும்புக்கு வந்துசேரும் நேரமும் அங்கிருந்து கிளம்பும் நேரமும் நமக்குப் பொருந்துகிற மாதிரி அமைகின்றன. மெல்பர்ன் விமானம் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி, மறுநாள் மதியத்துக்குப் பிறகு போய்ச் சேரும்.

மெல்பர்னுக்கு நேரடிச் சேவையை 2017 அக்டோபரில் தொடங்கினார்கள். சிட்னி பின்னால் 2021இல் சேர்ந்தது. சிட்னிக்குப் போகிறவர்கள் உங்களுக்கு வேண்டிய தேதியில் சேவை உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மெல்பர்ன்தான் அவர்களுடைய முக்கியமான ஆஸ்திரேலிய ஊர், இலங்கைத் தமிழரும் சிங்களவரும் பெருமளவில் வாழும் நகரம் அது.

மொழியைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். இலங்கையில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. கட்டுநாயக்காவில் அறிவிப்புப் பலகையில் தமிழ் இருக்கும், கவுன்ட்டரில் தமிழ் தெரிந்த ஒருவர் கிடைப்பார். ஆங்கிலம் தடுமாறும் அம்மா ஒரு பலகையைப் படித்துவிட்டுத் தானே நடந்து போக முடிவது எவ்வளவு தெம்பு தரும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். விமான நிலையமும் சிறியது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வீல்சேர் இல்லாமலேயே நிதானமாக நடந்துவிடலாம்.

சரி, பலவீனம் எங்கே? விமானங்களின் எண்ணிக்கையில். மொத்தமே இருபது சொச்சம் விமானங்கள், எல்லாம் ஏர்பஸ். கொழும்பிலிருந்து ஆஸ்திரேலியா, லண்டன் மாதிரியான நீண்ட தூரத்துக்கு ஏ330 மட்டும்தான். அவற்றில் ஒன்று பழுதாகி நின்றால், அந்த இடத்தை நிரப்ப இன்னொன்று சும்மா நிற்காது. லண்டனுக்குப் போகிற விமானம் தாமதமானால் அதன் பாதிப்பு மறுநாள் மெல்பர்ன் போகிறவர் தலையில் விழலாம். நான்கு ஏ350 விமானங்களைக் குத்தகைக்கு எடுத்திருக்க வேண்டியது, 2016இல் அந்த ஒப்பந்தத்தைக் கைவிட்டார்கள். நிறுவனத்தின் கடன் சுமை ஊரறிந்தது. விற்பதற்கு அரசு எடுத்த முயற்சியும் நிறைவேறாமல், அது அரசின் கையிலேயே இருக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடியின்போது கொழும்பில் விமான எரிபொருள் போதாமல், மெல்பர்ன் போகும் விமானம் திருவனந்தபுரத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போனது. அந்தக் காலத்திலும் சேவையை நிறுத்தாமல் ஓட்டினார்கள் என்பதை அவர்களுக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் மெல்பர்னுக்கு நாளுக்கு ஒன்று என்பது, ஒன்று தவறினால் அடுத்தது நாளைக்குத்தான் என்று அர்த்தம்.

சிங்கப்பூர்

இங்கே கதை தலைகீழ். சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் சுமார் 140 விமானங்கள். ஏ350-900 மட்டுமே அறுபதுக்கு மேல். அதோடு ஏ380, போயிங் 777-300இஆர், 787-10, குறுகிய 737-8. மெல்பர்னுக்கும் சிட்னிக்கும் ஒரே நாளில் பல சேவைகள். பெர்த், பிரிஸ்பேன், அடிலெய்டு, கெய்ர்ன்ஸ், டார்வின் என்று ஆஸ்திரேலியாவின் மற்ற ஊர்களும் உண்டு. காலை விமானம் தவறினால் மாலை அல்லது இரவு விமானத்தில் இடம் தேடித் தருவார்கள். நான் முதலில் கேட்ட கேள்விக்கு இந்த நான்கில் மிகத் தெளிவான பதில் இதுதான். டிக்கெட்டில் கூடுதலாகக் கொடுக்கிற பணம் இதற்குத்தான் போகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சிறிய ஊர்களுக்குப் போக வேண்டுமென்றாலும் வழி உண்டு. விர்ஜின் ஆஸ்திரேலியாவோடு கூட்டு இருப்பதால், கான்பெராவோ ஹோபார்ட்டோ வரை ஒரே டிக்கெட்டில் எடுக்க முடியும்.

சாங்கி விமான நிலையத்தைப் புகழ்ந்து எழுத வேண்டிய அவசியம் இல்லை. நம் காரியத்துக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். டெர்மினல்களுக்கு நடுவே ஸ்கைட்ரெயின் ஓடுகிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பயன்படுத்துவது 2, 3ஆம் டெர்மினல்கள். டிரான்சிட் பகுதிக்குள்ளேயே சில மணி நேரத்துக்கு அறை எடுத்துப் படுக்க ஹோட்டல் உண்டு, இமிகிரேஷனைத் தாண்ட வேண்டாம். தமிழ் அங்கேயும் ஆட்சிமொழி. பாதுகாப்புச் சோதனை ஏறும் வாயிலுக்குப் பக்கத்தில்தான் நடக்கும், அதனால் தண்ணீர் பாட்டிலை அதுவரைதான் கையில் வைத்திருக்க முடியும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பலர் ஆசைப்படும் ஜுவல் என்ற அருவி மாளிகை இமிகிரேஷனுக்கு வெளியே இருக்கிறது. ஆஸ்திரேலிய விசா கையில் இருக்கும் இந்தியர்களுக்கு சிங்கப்பூரில் 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் இறங்கும் சலுகை உண்டு. நிபந்தனைகளைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். நாலு மணி நேர இடைவெளியில் அதற்காகப் பெற்றோரை வெளியே அனுப்புவதை நான் செய்ய மாட்டேன்.

குறை என்றால், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தமிழ்நாட்டில் சென்னைக்கு மட்டும்தான் வருகிறது. திருச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் அதன் துணை நிறுவனமான ஸ்கூட் வருகிறது. ஸ்கூட் மலிவு விலைச் சேவை. அதில் சாப்பாட்டுக்கும் லக்கேஜுக்கும் தனித்தனிக் காசு. ஆனால் முழுப் பயணத்தையும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் டிக்கெட்டாகவே எடுத்து, அதில் ஸ்கூட் விமானம் ஒரு பகுதியாக வருகிற மாதிரி அமைக்க முடியும். அப்படி எடுத்தால் பெட்டி மெல்பர்ன் வரை தானாகப் போகும், கனெக்‌ஷன் தவறினால் பொறுப்பும் அவர்களுடையது. இரண்டையும் தனித்தனியாக வாங்கினால் சில ஆயிரம் மிச்சமாகலாம். முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டின் மொத்தப் பணமும் போய்விடும். ஸ்கூட் வந்து நிற்பது 1ஆம் டெர்மினலில் என்பதால் மாறும் நேரத்தையும் தாராளமாக வையுங்கள்.

கோலாலம்பூர்

நான் பார்த்தவரை, சென்னையிலிருந்து விலையில் அடிக்கடி ஜெயிப்பது மலேசியா ஏர்லைன்ஸ்தான். மெல்பர்ன், சிட்னி, பெர்த், அடிலெய்டு, அப்புறம் நியூசிலாந்தின் ஆக்லாந்து வரை போகிறது. ஸ்ரீலங்கன் மாதிரியே இதுவும் ஒன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனக் கூட்டணி, குவாண்டாஸும் அதே கூட்டணியில் இருக்கிறது. விமானங்கள் கலப்படம்: பழைய ஏ330, 737-800 ஒரு பக்கம், ஏ350-900 இன்னொரு பக்கம், 2024 கடைசியிலிருந்து வந்துகொண்டிருக்கும் புதிய ஏ330நியோ மற்றொரு பக்கம். உங்கள் தேதிக்கு எது வருகிறது என்று டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள். எட்டு மணி நேரப் பயணத்தில் அந்த வித்தியாசம் முதுகுக்குத் தெரியும்.

2024 ஆகஸ்டில் பராமரிப்பு ஆள்பற்றாக்குறையும் உதிரிபாகத் தட்டுப்பாடும் சேர்ந்து, அந்த ஆண்டு முடியும்வரை சேவைகளைக் குறைத்துக்கொண்டார்கள். மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையம் அவர்களுடைய இயக்கச் சான்றிதழை மூன்று ஆண்டிலிருந்து ஓராண்டாகக் குறைத்தது. ஒழுங்குமுறை அமைப்பு கண்டிப்பாக இருப்பது நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனாலும் எண்ணிக்கையில் நெருக்கடி வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது கண்முன் உதாரணம்.

சிப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் விமான நிலையம் 1998இல் திறந்தது. மெயின் டெர்மினல் ஒன்று, நீண்டதூர விமானங்கள் நிற்கும் சேட்டிலைட் கட்டடம் ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஓடிய ஏரோட்ரெயின் 2023 மார்ச்சில் நின்று, புது ரயில்களோடு 2025 ஜூலையில்தான் திரும்ப ஓடத் தொடங்கியது. அதுவரை பஸ்தான். இப்போது பரவாயில்லை, என்றாலும் நடை அதிகம். வீல்சேர் கேட்காமல் இந்த வழியை எடுக்காதீர்கள். தமிழ் பேசும் மலேசியர்கள் ஊழியர்களிலும் கடைகளிலும் நிறையவே இருப்பார்கள், அது ஒரு ஆறுதல். இன்னொன்று, ஏர்ஏஷியா இறங்குவது 2ஆம் டெர்மினலில். திருச்சியிலிருந்து ஏர்ஏஷியாவில் வந்து இங்கே மலேசியா ஏர்லைன்ஸுக்கு மாறலாம் என்ற யோசனை காகிதத்தில் அழகாக இருக்கும். தனித்தனி டிக்கெட், தனித்தனி டெர்மினல், நடுவில் இமிகிரேஷன், பெட்டியை எடுத்துத் திரும்பப் போடுவது எல்லாம் சேர்ந்தால் வயதானவர்களுக்கு அது தண்டனை.

டெல்லி

ஏர் இந்தியா டெல்லியிலிருந்து மெல்பர்னுக்கும் சிட்னிக்கும் போயிங் 787-8 விமானங்களை ஓட்டுகிறது. 2012 முதல் வந்த விமானங்கள் அவை. உள்ளே எல்லாவற்றையும் மாற்றிப் புதுப்பிக்கும் வேலை 2025இல்தான் தொடங்கியது. 2023 பிப்ரவரியில் ஏர்பஸ்ஸுக்கும் போயிங்குக்கும் சேர்த்து 470 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள், ஆனால் நீண்ட தூரம் போகும் அகலமான விமானங்கள் மெதுவாகத்தான் வருகின்றன. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் நடந்த விபத்தில் விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். அதன்பின் சோதனைகளுக்காக வெளிநாட்டு நீண்டதூரச் சேவைகளைச் சில வாரங்கள் குறைத்தார்கள். ஒரு விபத்தை வைத்து ஒரு நிறுவனத்தை ஒதுக்கும்படி நான் சொல்லமாட்டேன். ஆனால் பெற்றோருக்கு அந்தப் பயம் இருந்தால் அதை அலட்சியப்படுத்தாதீர்கள். பதினொரு பன்னிரண்டு மணி நேரம் பயந்துகொண்டே உட்கார்ந்திருப்பவருக்கு நீங்கள் சொல்லும் புள்ளிவிவரம் உதவாது.

டெல்லிக்கு ஒரு பெரிய பலம் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. கனெக்‌ஷன் தவறினால் பெற்றோர் தங்கள் சொந்த நாட்டில் இருப்பார்கள். விசா வேண்டாம், கையில் இருக்கும் ரூபாய் செல்லும், செல்போன் வேலை செய்யும், டெல்லியில் இருக்கும் ஒரு சொந்தக்காரர் வந்து அழைத்துப்போகலாம். ஏர் இந்தியாவின் உள்நாட்டு விமானங்களில் பெரும்பகுதியும் வெளிநாட்டு விமானங்களும் ஒரே 3ஆம் டெர்மினலில் என்பதும் வசதிதான்.

ஆனால் திரும்பி வரும்போது இந்த வழி கடினம். வெளிநாட்டிலிருந்து வந்து உள்நாட்டு விமானத்துக்கு மாறுகிறவர்கள் பொதுவாக டெல்லியிலேயே பெட்டியை எடுத்து, சுங்கச் சோதனையைத் தாண்டி, மறுபடியும் போட வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் பறந்துவிட்டு நான்கு பெட்டிகளோடு அதைச் செய்யும் அப்பாவை நினைத்துப் பாருங்கள். மற்ற மூன்று வழிகளிலும் பெட்டி நேராகச் சென்னைக்கோ திருச்சிக்கோ வந்துவிடும்.

எங்கே தூங்குவார்கள்

ஒப்பிடும்போது நான் அதிக நேரம் செலவழிப்பது இதில்தான். கொழும்பு வழியில் முதல் விமானம் ஒரு மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும், அடுத்தது பத்தரை மணி நேரம். இரவு ஏறிச் சாப்பிட்டுப் படுத்தால் ஒரே நீட்டாக ஆறேழு மணி நேரம் தூங்கலாம். சிங்கப்பூர் வழியில் முதலாவது நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல், அடுத்தது ஏழரை. சென்னையில் பின்னிரவில் ஏறினால், சாப்பாடு பரிமாறி விளக்கை அணைத்த கொஞ்ச நேரத்தில் திரும்ப விளக்கைப் போட்டுவிடுவார்கள். அந்த இரவுத் தூக்கம் போனது போனதுதான். மறுநாள் பகல் விமானத்தில் தூக்கம் வராது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கால் வீங்குகிறவர்கள், முட்டி வலி உள்ளவர்கள், அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியவர்களுக்குப் பத்தரை மணி நேரம் ஒரே மூச்சில் உட்கார்ந்திருப்பது கடினம். அவர்களுக்கு நடுவில் இறங்கி நடக்கிற இடைவெளி மருந்து மாதிரி. சென்னையிலிருந்து பகல் விமானத்தில் சிங்கப்பூருக்குப் போய், டிரான்சிட் ஹோட்டலில் சில மணி நேரம் படுத்து, இரவு விமானத்தில் மெல்பர்ன் போகிற மாதிரி அமைந்தால், உடம்புக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலினும் மாத்திரையும் மருத்துவச் சீட்டும் கைப்பையில் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் அல்ல. கிழக்கே போகப் போக நேரம் முன்னால் ஓடும் என்பதால், எந்த ஊர் நேரத்துக்கு எந்த மாத்திரை என்று டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எந்த மாதம்

பேரக்குழந்தைகளுக்குப் பள்ளி விடுமுறை டிசம்பர், ஜனவரியில் என்பதால் நம்மவர்கள் அப்போதுதான் அதிகம் போகிறார்கள். டெல்லியில் மூடுபனி இறங்குவதும் அப்போதுதான். விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், ரத்தும் ஆகும். அந்த இரண்டு மாதங்களுக்கு டெல்லி வழியை நான் பட்டியலிலேயே வைக்கமாட்டேன்.

சென்னையும் நவம்பர், டிசம்பரில் முழுக்க நம்பத்தக்கது அல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் ஓடுபாதையில் தண்ணீர் ஏறி, மறுநாள் காலை வரை சேவை இல்லை. தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்தவர்கள் அந்த மாதங்களில் போவதாக இருந்தால் திருச்சியோ மதுரையோ வழியாகக் கிளம்ப இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் எதை எடுப்பது

மதுரை, நெல்லை, ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் வீடு, போவது மெல்பர்ன், பெற்றோருக்கு ஆங்கிலம் வராது, மற்றபடி உடம்பு நன்றாக இருக்கிறது என்றால் கொழும்பைத்தான் சொல்வேன், தயக்கமில்லாமல். ஒருநாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் குடிமுழுகாது என்ற நிலையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிரசவ தேதி நெருங்கிவிட்டது, குறிப்பிட்ட நாளில் அங்கே இருந்தே ஆக வேண்டும் என்றால் காசைப் பார்க்காமல் சிங்கப்பூர். சிட்னி, பிரிஸ்பேன், பெர்த் என்றாலும் சிங்கப்பூர்தான் என் முதல் தேர்வு. கோயம்புத்தூர்க்காரர்களுக்கும் அதே, ஸ்கூட்டோடு சேர்ந்த ஒரே டிக்கெட்டாக.

சென்னையில் வீடு, நடக்கிற தெம்பு உண்டு, பெற்றோரில் ஒருவருக்காவது ஆங்கிலம் வரும், செலவையும் பார்க்க வேண்டும் என்றால் கோலாலம்பூர் நல்ல வழி. அடிலெய்டுக்குப் போகிறவர்கள் சிங்கப்பூரையும் இதையும் விலை வைத்துப் பார்க்கலாம். டெல்லியை ஒரே நிலையில்தான் பரிந்துரைப்பேன்: டெல்லியிலோ பக்கத்திலோ சொந்தபந்தம் இருந்து, போகும்போதும் வரும்போதும் அங்கே ஓரிரு நாள் தங்கிப் போவதானால். அப்போது அந்த 3,000 கிலோமீட்டர் சுற்று இரண்டாகப் பிரிந்து சுமையாகத் தெரியாது.

டிக்கெட் எடுக்கும்போது

போகும் வழிக்கும் வரும் வழிக்கும் காத்திருப்பு நேரம் ஒரே மாதிரி இருக்காது. போகும்போது இரண்டு மணி நேரம், வரும்போது பத்து மணி நேரம் என்று அமையும். கொழும்பிலிருந்து மதுரைக்கும் திருச்சிக்கும் சேவைகள் சில என்பதால் அங்கே இது அதிகம் நடக்கும். தளம் காட்டும் மொத்த நேரத்தைத் திரும்பும் பயணத்துக்கும் தனியாகத் திறந்து பாருங்கள்.

சிட்னி விமான நிலையத்தில் இரவு 11 மணியிலிருந்து காலை 6 மணி வரை விமானங்கள் இறங்கவும் ஏறவும் கட்டுப்பாடு உண்டு. அடிலெய்டிலும் அப்படியே. இரவு கடைசி விமானம் தாமதமானால் அது அடுத்த நாளுக்குத் தள்ளிப்போகிற வாய்ப்பு அதிகம். மெல்பர்னில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. சிட்னியிலிருந்து திரும்பும் பெற்றோருக்கு இரவு ஒன்பது, பத்து மணி விமானத்தைவிடக் காலை அல்லது மதிய விமானம் பாதுகாப்பானது.

வீல்சேரை டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்யுங்கள், விமான நிலையத்தில் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். மாறும் இடத்திலும் வேண்டும் என்று தனியாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். இருவருக்கும் ஒரே பி.என்.ஆர். (டிக்கெட் பதிவு எண்) இருக்கட்டும், விமானம் மாற்ற நேர்ந்தால் அப்போதுதான் இருவரையும் ஒன்றாக மாற்றுவார்கள். கடைசியாக, செக்-இன் கவுன்ட்டரில் பெட்டியில் ஒட்டும் சீட்டில் எம்.இ.எல். என்று மெல்பர்னின் குறியீடு அச்சாகியிருக்கிறதா என்று அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள். கொழும்பு அல்லது சிங்கப்பூர் என்று மட்டும் இருந்தால், வரிசையை விட்டு நகர்வதற்கு முன் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.